நீர் அறிந்து மலரும் மரங்கள்

பெங்களூரின் லால்பாக் தோட்டத்தில் ஆண்டுக்கு இருமுறை மலர்க்காட்சி நடைபெறும். குடியரசு நாளை ஒட்டியது ஒன்று. விடுதலை நாளை ஒட்டியது மற்றொன்று. சனவரிக் காட்சிக்குத் திரளும் மக்கள் வாயிலைக் கடந்ததும் நேரே கண்ணாடி மாளிகைக்கு விரைவர். உள்ளே தொட்டிச் செடிகள் அடுக்கடுக்காய் நிற்கும். பூக்களால் வேய்ந்த கோபுரங்களும் உருவங்களும் இருக்கும். அவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ள நெடுநேரம் காத்திருப்பர். காத்திருக்கும் அந்த வரிசைக்கு மேலே, இலை உதிர்த்துவிட்ட தபேபுயா மரம் முடிமுதல் அடிக்கிளை வரை இளஞ்சிவப்பு மூடி நிற்கும். பூ ஒவ்வொன்றாய் அவர்கள் தோளில் விழும். தட்டிவிட்டு நகர்வோர் பலர். அண்ணாந்து பார்ப்போர் மிகச் சிலர்.

தொட்டிப் பூவைக் காட்சி நாளுக்கென மலர்த்தியவர் தோட்டக்காரர். எந்நாளில் விதைப்பது, எந்நாளில் நுனி கிள்ளுவது, எப்போது உரம் இடுவது என்று அவர் கணக்கிட்டார். மரத்துக்கு அந்தக் கணக்கைப் போட்டுத் தந்தவர் எவர்? மண் வறளத் தொடங்கும் பருவத்தில், இலையைத் தாங்கவும் நீர் இல்லாத மரம், இத்தனை பூவுக்கு வேண்டிய நீரை எங்கிருந்து எடுத்தது? பருவந்தோறும் லால்பாக்குக்குச் சென்று மரங்களின் கீழ் நின்று வந்த எனக்கு, பூவின் அழகினும் இந்த வினாவே பெரிதாய்ப் பட்டது. விடை தேடப் புகுந்தபின் அழகும் பெருகியது.

1760-ஆம் ஆண்டில் ஐதர் அலி தொடங்கிய தோட்டம் இது. அவர் மகன் திப்பு அதை விரிவாக்கினார். தொலைநாடுகளிலிருந்து விதையும் கன்றும் வருவித்தார். இந்நகரின் மண்ணைக் கொத்தி, நீர் பாய்ச்சி, கன்று காத்து வந்தோருள் திகளர் என்னும் தோட்டக்காரக் குடியினர் முன்னிற்பவர். அவர்களின் வேர் தமிழ் நிலத்தில் உள்ளது; பெங்களூரின் கரகத் திருவிழாவை இன்றளவும் எடுத்து நடத்துவோர் அவர்களே. 1856-இல் லால்பாக் அரசின் நிலைத்திணைத் தோட்டமாயிற்று. இன்று அதன் பரப்பு 240 ஏக்கர். தோட்டத்துள் திமிலென எழுந்து நிற்கும் பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டு முதுமை உடையது. மாலையில் அதன்மேல் ஏறி நின்றால், எந்த மரம் பூத்திருக்கிறது, எது இலை உதிர்த்திருக்கிறது, எது தளிர்த்திருக்கிறது என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரியும். மரங்களைப் பயில்வோர்க்கு இதனினும் நல்ல மேடை வாய்க்காது.

1908-இல் குசுடாவ் எர்மன் கிரும்பீகல் என்னும் செருமானியர் மைசூர் அரசின் பணிக்கு வந்தார். இலண்டனின் கியூ தோட்டத்தில் பணியாற்றியவர். பரோடா அரசின் தோட்டங்களைப் பேணியவர். அறுபது ஆண்டுக்கும் மேலாக இந்நாட்டில் வாழ்ந்து, 1956-இல் பெங்களூரிலேயே மறைந்தார். தொடர்மலர்ச்சி என்னும் கருத்து அவர் பெயரோடு இணைத்தே பேசப்படுகிறது. ஒரு சாலையில் ஓரினத்து மரம். அது பூத்து ஓய்கையில் பூக்கத் தொடங்கும் வேறோர் இனம் அடுத்த சாலையில். ஆண்டின் எந்நாளிலும் நகரின் ஏதேனும் ஒரு மூலையில் பூ இருத்தல் வேண்டும். பின்னாளில், 1980-களில், வனத்துறையைச் சேர்ந்த நெகின்கால் தலைமையில் 15 இலட்சம் கன்றுகள் நகரில் நடப்பட்டபோது இக்கருத்து இன்னும் விரிந்தது. இதை ஒப்பனைத் திட்டம் என்று மட்டும் எண்ணுதல் தகாது. எந்த மரம் எப்போது பூக்கும் என்பதை அறியாதவர் இப்படி ஒரு சாலையையும் நட்டிருக்க இயலாது.

ஆனால் அந்த அறிவில் ஒரு புதிர் ஒளிந்திருக்கிறது. இங்கு நடப்பட்டவற்றுள் பெரும்பகுதி பிற நாட்டு மரங்கள். அவை எந்நாட்டுப் பருவத்தின்படி பூக்கும்?

பிரேசிலின் உள்நாட்டுப் புல்வெளிக் காடுகளில் மழையற்ற பருவம் மே முதல் செப்டம்பர் வரை. தபேபுயா இனங்கள் அங்கே சூனுக்கும் செப்டம்பருக்கும் இடையில் பூக்கின்றன. பெங்களூருக்கு வந்த தபேபுயாக்கள் நவம்பர் முதல் மார்ச்சு வரை, முதலில் இளஞ்சிவப்பு, பிறகு மஞ்சள் என்று பூக்கின்றன. மலரும் காலம் ஏறத்தாழ ஆறு திங்கள் இடம்பெயர்ந்துவிட்டது. ஊதாநீலப் பூச் சொரியும் சகரண்டாவும் தென்னமெரிக்க மரமே. புவெனோசு ஐரிசு நகரில் நவம்பரிலும், தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் அக்டோபரிலும், பெங்களூரில் பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையிலும் அது பூக்கிறது. குல்மோகர் என மக்கள் வழங்கும் செம்மயிற்கொன்றை மடகாசுக்கருக்கு உரியது. அதன் அண்டைத் தீவான இரீயூனியனில் திசம்பரில் தீப்பிடித்தாற்போல் பூக்கும் அம்மரம், நம்மிடம் சித்திரையிலும் வைகாசியிலும் பூக்கிறது. ஆக, தாய்நாட்டு நாள்காட்டியை இம்மரங்கள் கையோடு கொண்டுவரவில்லை. நாள் கணிக்கும் கலையைத்தான் கொண்டுவந்துள்ளன. வந்த ஊரின் வானையும் மண்ணையும் புதிதாய்ப் படித்துக்கொண்டன.

வானைப் படித்தல் என்பது பகற்பொழுதை அளத்தல். 1920-இல் கார்னர், அல்லார்டு என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், பகல் குறுகினாலொழியப் பூக்காத புகையிலை வகை ஒன்றை ஆராய்ந்து, பகல் நீளமே மலர்ச்சிக்குக் கட்டளை இடக்கூடும் என்று நிறுவினர். குளிர்நாடுகளில் இது எளிதில் விளங்கும். இலண்டனில் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது மணி நேர வேறுபாடு உண்டு. பெங்களூரோ நிலநடுக்கோட்டுக்கு 13 பாகை வடக்கே இருப்பது. இங்கே அவ்வேறுபாடு ஒன்றரை மணி நேரம்தான். இவ்வளவு சிறிய மாற்றத்தை மரம் உணருமா என்ற ஐயம் நெடுங்காலம் இருந்தது. 2001-இல் இரிவேரா, போர்ச்செர்ட் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு அந்த ஐயத்தை நீக்கியது. வெப்பமண்டல மரங்கள் சில, பகல் அரைமணி நேரமோ அதற்கும் குறைவாகவோ சுருங்கினாலே உணர்ந்து, ஓரினமெல்லாம் ஒருங்கே மொட்டிடுகின்றன என்று அது காட்டியது.

பகலை அளக்கும் உறுப்பு இலை. இலையில் தோன்றும் ஏதோ ஒரு பொருள் தண்டின் வழியே நுனிக்குச் சென்று அங்கே மொட்டைத் தூண்டுகிறது என்று 1930-களிலேயே சோவியத்து அறிஞர் சைலக்கியான் கருதினார். எழுபது ஆண்டு கழித்து, 2007-இல், அப்பொருள் ஒரு புரதம் என்பது சிறுசெடிகளிலும் நெல்லிலும் மெய்ப்பிக்கப்பட்டது. இங்கே ஒரு நுட்பம் கருதத்தக்கது. மாசியில் வெறுங்கிளையோடு பூக்கும் மரத்தில் பகலை அளக்க இலையே இல்லை. எனினும் மொட்டுக்கான கட்டளை அப்போது பிறந்ததன்று. இலை பசுமையாய் இருந்த திங்களிலேயே அது பிறந்துவிட்டது. இலை உதிரும் முன் ஓலை எழுதி வைத்துவிட்டுப் போகிறது. மொட்டு உருவாகிக் கண்ணுக்குத் தெரியாத சிறுமையில் உறங்கும். அதை எழுப்புவது வேறொன்று.

அந்த வேறொன்று நீர். போர்ச்செர்டும் அவரோடு பணியாற்றியோரும் நடு அமெரிக்க நாடாகிய கோசுட்டாரிக்காவின் வறண்ட காடுகளில் 1980-களில் செய்த ஆய்வுகளே இதைத் தெளிவாக்கின. தபேபுயாவின் அடிமரச் சுற்றளவையும் நீர்நிலையையும் அவர்கள் இடைவிடாது அளந்தனர். வறட்சி தொடங்கியதும் மரம் சுருங்கியது. இலை வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்க, வேர் அதை ஈடுசெய்ய இயலவில்லை. பிறகு இலை உதிர்ந்தது. உதிர்ந்த பின்னும் மழை இல்லை. ஆயினும் மரம் மெல்ல மெல்லப் பருத்தது. வேர் ஆழத்திலிருந்து எடுத்த சிறிதளவு நீரும், தண்டு தேக்கி வைத்திருந்த நீரும் இப்போது வெளியேறும் வழியின்றி மரத்துள்ளேயே தங்கின. நீர் நிறைந்ததும் மொட்டு விரிந்தது.

பூ விரிதல் என்பது புதிதாய் வளர்தல் அன்று. ஏற்கெனவே உருவாகி இருக்கும் உயிரணுக்கள் நீரேற்று உப்புதல். அவ்வுப்பலுக்குத் தண்டில் நீரழுத்தம் வேண்டும். அவ்வழுத்தத்தைப் பெற மரம் தேர்ந்த வழி, செலவை நிறுத்துதல். வருவாய் பெருகாத காலத்தில் செலவை அடக்கிச் சேர்த்து, ஒரு மங்கல நிகழ்ச்சியை நடத்தி முடிக்கும் எளிய குடும்பத்தைப்போல அது நடந்துகொள்கிறது. இலை உதிர்த்த மரத்தைக் கண்டு 'காய்ந்துவிட்டது' என்று நாம் சொல்லும் நாளில்தான் அதனுள் நீர் ஏறிக்கொண்டிருக்கிறது. எனக்கு இந்தச் செய்தி முதன்முதல் தெரியவந்தபோது, தெருவில் வெட்டுண்டு கிடந்த வெறுங்கிளை மரங்கள் சில நினைவில் வந்து நெடுநேரம் வருத்தின.

மண் மிக வறண்ட இடத்தில் நிற்கும் மரம் இவ்வாறு தானே நீர் நிரப்பிக்கொள்ள முடியாமல், ஒரு கோடைமழைக்குக் காத்திருக்கும். மழை பெய்த சில நாளில் அவ்வட்டாரத்து மரங்கள் எல்லாம் ஒருசேரப் பூக்கும். காப்பிச் செடியை அறிந்தவர்க்கு இது வியப்பன்று. குடகிலும் சிக்கமகளூரிலும் மார்ச்சு, ஏப்ரலில் ஒரு மழை இறங்கினால், ஒரு கிழமையும் சில நாளும் கழிந்ததும் மலைச்சரிவு முழுவதும் ஒரே விடியலில் வெண்மை ஆகிவிடும்.

பூப்பதற்கு வறட்சியை ஏன் தேர்ந்தன இம்மரங்கள்? 1967-இல் டேனியல் சான்சென் என்னும் அமெரிக்க உயிரியலார் இவ்வினாவை எடுத்துக்கொண்டார். மழைக்காலம் வளர்ச்சிக்குரிய காலம். அப்போது பூவுக்குப் பொருள் செலவிட்டால் அண்டை மரம் உயர்ந்து ஒளியை மறைத்துவிடும். வறண்ட காலத்திலோ வளர இயலாது. எனவே அக்காலத்தை இனப்பெருக்கத்துக்கு ஒதுக்குவதில் இழப்பு இல்லை. இலையற்ற காட்டில் பூ தொலைவிலிருந்தே தேனீயின் கண்ணில் படும். மழைத்துளி தாதை நனைத்துக் கெடுக்காது. இவற்றோடு, பூ காயாகி விதையாகும்போது மழை வந்துவிடும் என்பதும் முதன்மையானது. தபேபுயாவின் விதை மெல்லிய இறகுடையது. முள்ளிலவின் விதை பஞ்சில் பொதிந்தது. இலையற்ற கிளைகளுக்கிடையே சித்திரைக் காற்று அவற்றைத் தடையின்றி எடுத்துச் செல்லும். விழுந்த இடத்தில் முதல் மழை காத்திருக்கும்.

தபேபுயாவின் குடும்பத்தையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட ஆல்வின் சென்ட்ரி, அக்குடும்பத்து மரங்கள் பூக்கும் முறைகளை 1974-இல் வகைப்படுத்தினார். நாளுக்கு ஒன்றிரண்டாய் நெடுங்காலம் பூப்பது ஒரு முறை. ஆண்டில் சில நாள் மட்டும் எல்லாப் பூவையும் ஒரே வீச்சில் விரித்துவிடுவது மற்றொரு முறை. முன்னதற்கு, நாள்தோறும் ஒரே வழியில் சுற்றி வரும் பழகிய தேனீக்கள் வேண்டும். பின்னதற்குப் பழக்கம் வேண்டா. வழிப்போக்கு வண்டினங்களையும் ஈர்த்துவிடும் பெருங்காட்சி அது. பெங்களூர்ச் சாலைகளில் மாசியில் நாம் காண்பது அந்தப் பெருவீச்சு. ஒரு கிழமை ஊரிலில்லாதவர் அவ்வாண்டுக்கு அதை இழந்தவர்.

நம் காட்டு மரங்களும் இக்கலையில் எவருக்கும் பின்னிட்டவை அல்ல. புரசு, முள்ளிலவு, கல்யாண முருங்கை ஆகிய மூன்றும் தை, மாசியில் இலையின்றிச் செம்பூப் பூப்பவை. மூன்றும் பறவைகளுக்கெனப் பூப்பவை. நீர்நிலைகள் சுருங்கும் அக்காலத்தில் அப்பூக்களின் கிண்ணத்தில் நீர்த்த தேன் நிறைந்திருக்கும். மைனாவும் காகமும் கரிச்சானும் தேன்சிட்டும் வந்து பருகும். புரசின் பூவை ஆராய்ந்த தில்லி அறிஞர்கள் 2003-இல் வெளியிட்ட கட்டுரையில், ஊதாத் தேன்சிட்டோடு முதுகில் மூன்று வரி கொண்ட அணிற்பிள்ளையும் அதை நாடி வருகிறது என்று பதிவுசெய்துள்ளனர். அணிலைப் பழம் தின்னியாக மட்டும் கண்டவர்க்கு இது புதுச் செய்தி.

கல்யாண முருங்கையைப் பற்றிச் சொல்ல நேர்கையில் துயரும் உடன் வருகிறது. திருமணப் பந்தலில் நடும் கொம்பாகவும், வெற்றிலைக்கும் மிளகுக்கும் கொழுகொம்பாகவும், தோட்ட வேலியாகவும் நம் வாழ்வோடு நின்ற மரம் அது. இம்மரத்தின் இலையிலும் இளந்தண்டிலும் முட்டையிட்டுக் கழலைகளை உண்டாக்கும் மிகச் சிறிய குளவி ஒன்று – அதற்கு அறிவியலார் பெயரிட்டதே 2004-இல்தான் – சில ஆண்டுகளிலேயே ஆசியாவெங்கும் பரவி இந்தியாவுக்குள்ளும் புகுந்தது. ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் உடல். அது பல நாடுகளில் ஆயிரக்கணக்கான மரங்களை வீழ்த்தியது. தையில் கல்யாண முருங்கை பூத்த தெருவை நினைவில் வைத்திருப்போர் இன்று அதைத் தேடித்தான் காண வேண்டும்.

சித்திரை பிறந்ததும் சரக்கொன்றையின் முறை. மஞ்சட்சரம் தொங்குவதைக் கண்டு மகிழாதார் இல்லை. ஆனால் ஒரு பூவைக் கையில் எடுத்து அதன் தாதுத்தண்டுகளை எண்ணிப் பார்த்தவர் அருகியே இருப்பர். பத்து உண்டு. அவற்றுள் மூன்று நீண்டு, வில்லாய் வளைந்து, பூவுக்கு வெளியே நீட்டி நிற்கும். நான்கு நடுத்தர அளவின. எஞ்சிய மூன்று சிறுத்து, பயன் குன்றியவை. ஒரே பூவில் ஒரே உறுப்பு மூவகையாய் இருப்பது வீண் அன்று. கொன்றைப்பூவில் தேன் இல்லை. அதை நாடி வரும் கருந்தச்சுத்தேனீ தாதையே உணவாகக் கொள்ள வருகிறது. நடுத்தரத் தண்டுகளைக் காலால் பற்றிக்கொண்டு, சிறகை அசைக்காமல் சிறகுத் தசையை மட்டும் அதிரவைக்கும். அருகே நிற்பவர்க்கு அவ்வதிர்வு தெளிவாய்க் கேட்கும். பறக்கும் ரீங்காரத்தினும் சற்றே கூர்மையான ஒலி. அதிர்வில் தாதுப்பையிலிருந்து தாது பீறிட்டுத் தேனீயின் வயிற்றுப்புறம் விழும். அதை அது திரட்டிக்கொள்ளும். அதே கணத்தில் நீண்ட வளைதண்டுகளின் தாது, தேனீயின் கால் எளிதில் எட்டாத உடற்பகுதியில் படியும். அடுத்த பூவின் வளைந்த சூல்தண்டு சரியாக அவ்விடத்தைத் தீண்டும். உணவுக்கென ஒரு பங்கு, இனப்பெருக்கத்துக்கென ஒரு பங்கு.

இவ்வகைத் தொழிற்பகுப்பை 1883-இல் எடுத்துரைத்தவர் பிரிட்சு முல்லர். செருமனியிலிருந்து பிரேசிலுக்குக் குடிபெயர்ந்து, காட்டோரத்தில் வாழ்ந்து, டார்வினோடு இடையறாது மடல்வழி உரையாடியவர். பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் அவரிடம் இல்லை. நாள்தோறும் ஒரே செடியின் முன் நின்று பார்க்கும் பொறுமை இருந்தது. அவரை மீண்டும் ஓரிடத்தில் சந்திப்போம்.

கொன்றையோடும் அதன்பின்னும் பெருங்கொன்றை, செம்மயிற்கொன்றை, பூமருது ஆகியவை கோடையை நிரப்பும். பூமருது நம் மலைநாட்டு ஆற்றங்கரைகளுக்கு உரிய மரம். கசக்கி விரித்த பட்டுத்துணி போன்ற ஊதா இதழ்கள். அதைச் சாலையில் நட்டவர் எவராயினும் வாழ்த்துக்குரியவர். ஆனிச் சாரலில் வெண்கடம்பு பந்துபந்தாய்ப் பூக்கும். ஒவ்வொரு பந்தும் நூற்றுக்கணக்கான சிறுபூக்களின் தொகுதி. மழைக்காலத்தில் பெருமரங்கள் பொதுவாய் இலையில் கருத்தூன்றிவிடும். அப்போது கண்ணைத் தாழ்த்திப் புதர்களைப் பார்க்க வேண்டும்.

புதர்களில் பலவற்றில் நாம் பூ என்று நினைப்பது பூவே அன்று. காகிதப்பூவின் செவ்வண்ணம் முழுவதும் பூவடிச் செதிலின் வண்ணம். உண்மைப் பூ அதன் நடுவே வெண்குழலாய்ச் சிறுத்து நிற்கும். 1767-இல் பிரேசிலில் இச்செடியைத் திரட்டிய பிரெஞ்சு ஆய்வாளர் கொம்மெர்சோனின் துணைவராய்ச் சென்ற சான் பாரே, ஆணுடை அணிந்து கப்பலேறிய பெண். உலகைச் சுற்றி வந்த முதற் பெண்ணென அறியப்படுபவர். வெள்ளிலை என்னும் நம் மலைப்புதரிலோ, புல்லிதழ்களுள் ஒன்று மட்டும் இலையளவுக்கு விரிந்து வெளுத்து நிற்கும். பட்டாம்பூச்சிக்கு அது தொலைவில் அசையும் கொடி. அருகே வந்தபின் சிறிய மஞ்சட்பூ தேன் தரும்.

உண்ணிச்செடி இவற்றினும் நுட்பமானது, இவற்றினும் தீயது. நடு, தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்கென்று கொண்டுவந்த புதர் அது. அதன் கொத்தில் நடுப்பூ மஞ்சள், ஓரப்பூ சிவப்பு அல்லது ஊதா. இவை இருவேறு பூக்கள் அல்ல; ஒரே பூவின் இருவேறு நாள்கள். புதுப்பூ மஞ்சள், தேன் தீர்ந்த பூ நிறம் மாறும். பட்டாம்பூச்சிகள் மஞ்சளை மட்டும் நாடுவதையும், நிறம் மாறிய பூ உதிராமல் நின்று கொத்தைப் பெரிதாய்க் காட்ட உதவுவதையும் 1877-இல் எழுதியவர் அதே பிரிட்சு முல்லர். இத்தனை அறிவார்ந்த செடி நம் தோட்ட வேலியைத் தாண்டியது. பறவைகள் கனியைத் தின்று விதையைக் காட்டில் எச்சமிட்டன. இன்று முதுமலை, பண்டிப்பூர்க் காடுகளில் மான் மேயும் புல்லை அது மூடிக்கொண்டு நிற்கிறது. ஒரு செடி எப்போது, எப்படிப் பூக்கும் என்று கேட்டுவிட்டு, அதன் விதை எங்கே போகும் என்று கேளாமல் விட்டதன் விலை அது. அழகுச்செடி தேர்வோர் எவரும் அவ்விரண்டாம் வினாவைக் கேட்காமல் நாற்று வாங்குதல் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஐப்பசியில் இரவு நடையாக வீடு திரும்புவோர்க்கு மரமல்லி தெரியும், பார்க்குமுன் மணக்கும். கன்னடத்தில் அதற்கு ஆகாச மல்லிகை என்று பெயர். விரல்நீளக் குழலும் நுனியில் சிறிய வெண்ணிதழும் கொண்ட பூ. இரவில் விரிந்து, விடியலில் தரையில் கிடக்கும். இருளில் வண்ணத்துக்கு வேலை இல்லை; எனவே வெண்மையும் மணமும். குழலின் அடியில் உள்ள தேனை எட்டுவதற்கு நீண்ட உறிஞ்சுகுழல் உடைய அந்துப்பூச்சியே வர வேண்டும். இம்மரத்தின் அறிவியற்பெயர் தாமசு மில்லிங்டன் என்னும் 17-ஆம் நூற்றாண்டு ஆங்கில மருத்துவரின் நினைவாய் இட்டது. பூவின் தாதுத்தண்டுகள் ஆணுறுப்பாய்ச் செயற்படுகின்றன என்ற கருத்தை அவர் சொன்னதாக அக்காலத்து நிலைத்திணையாளர் கிரூ எழுதிவைத்தார். தரையில் கிடக்கும் இப்பூவைக் கோத்து விளையாடும் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் அவர் பெயர் இருக்கிறது.

கிரும்பீகலின் தொடர்மலர்ச்சியைப் போற்றும் எனக்கு அதில் ஒரு மனக்குறையும் உண்டு. தையில் தபேபுயாவைக் கொண்டாடும் நகரில் புரசைக் காண்பது அரிது. பாறை வெடிப்பில் வேரூன்றி, மாசியில் பொற்கிண்ணம்போல் பூக்கும் கோங்கு, தோட்டங்களில் இடம்பெறாது காட்டுக்குன்றுகளிலேயே நின்றுவிட்டது. பாதிரியும் அவ்வாறே. இவை பூப்பதும் வறட்சியைக் கணித்தே; இங்கேயே பிறந்து, இம்மண்ணின் வறட்சியைப் பல்லாயிரம் தலைமுறையாய்க் கணித்துப் பழகியவை. அயல்மரத்தை வெட்டச் சொல்லவில்லை. விழுந்த ஒவ்வொரு மரத்தின் குழியிலும் இவற்றுள் ஒன்றை நடலாம்.

2014 முதல் பெங்களூர் மக்கள் தாமே பொருள் திரட்டி மரத் திருவிழா ஒன்றை நடத்தத் தொடங்கினர். அதன் பெயர் நெரளு. நிழல் என்னும் நம் சொல்லின் கன்னட உடன்பிறப்பு அது. மரங்களைக் காட்டிப் பெயர் சொல்லி நடப்பதும், மரத்தடியில் கதையும் பாட்டும் நிகழ்வதும் அவ்விழாவின் உயிர். இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று நடத்தும் சீசன்வாட்ச் என்னும் திட்டம் 2010-இல் தொடங்கியது. எவரும் சேரலாம். ஒரு மரத்தைத் தேர்ந்து, கிழமைக்கு ஒருமுறை அதன் இலை, மொட்டு, பூ, காய் எவ்வளவு என்று பார்த்து, 'இல்லை, சில, பல' என மூன்றுள் ஒரு சொல்லால் குறித்தால் போதும். கேரளத்தில் பள்ளிப் பிள்ளைகள் பெருந்தொகையாய் இதில் ஈடுபட்டுள்ளனர். விசுக் கணிக்கு உரிய கொன்றை, விசுவுக்குப் பல கிழமை முன்பே பூப்பதைப் பற்றிய குறிப்புகள் அவர்கள் பதிவில் வந்துகொண்டிருக்கின்றன. மழையும் வெம்மையும் மாறும் காலத்தில், மரம் தன் கணக்கை எப்படித் திருத்திக்கொள்கிறது என்பதை அறிய இத்தகைய பதிவு ஆண்டுதோறும் வேண்டும். ஓர் அறிஞர் ஒரு காட்டில் நின்று செய்யக்கூடிய பணி அன்று. தெருவுக்கு ஒருவர் வேண்டும்.

லால்பாக் பாறையின் தென்புறச் சரிவில் நிற்கும் ஒரு சரக்கொன்றையை நான் எடுத்துக்கொண்டேன். பங்குனி முதற்கிழமைக் குறிப்பு: முதிர்ந்த இலை சில; தளிர் இல்லை; மொட்டு இல்லை; பழுத்த காய் பல. இரண்டாம் கிழமை: இலை இல்லை; மொட்டு இல்லை; காய் பல. அன்று அதனடியில் நின்ற ஒரு முதியவர், "பட்டுப்போச்சா?" என்று கேட்டார். நீர் ஏறிக்கொண்டிருக்கிறது என்றேன். மூன்றாம் கிழமை: இலை இல்லை; மொட்டு சில.